திரேசாவின் செவ்வாய்க்கிழமைகள்

ஹெலகந்த தோட்டத்தில் கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோரில், சலிக்கும் அறைக்குள் போகிற பெண்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்றுதான் போக வேண்டும். தலையில் பூ இருந்தால் எடுத்து வெளியே வைக்க வேண்டும். பவுடர், சென்ட், வாசனை எண்ணெய் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. வாசலில் வைத்திருக்கும் வாசமில்லாத சவுக்காரத்தால் முழங்கை வரை கழுவ வேண்டும். காய்ந்த தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி சென்ட் பூசிக்கொண்டு வந்துவிட, அவள் கைபட்ட குவியல் முழுவதையும் ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா ஒதுக்கி வைக்கச் சொன்னார்.

திரேசா இருபத்திரண்டு வருடமாக இந்த ஒழுங்கை ஒருநாளும் மீறியதில்லை. சலித்து வந்த தேயிலையில் காம்பையும் நாரையும் பொறுக்கி எடுப்பது அவளுடைய வேலை. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் ஒரு தட்டில் அவள் விரல் ஓடி முடிந்த பிறகு வேறு யார் தேடினாலும் ஒரு காம்பு அகப்படாது.

அந்த வேலை அவளுக்கு வந்தது விழுந்து எழுந்த பிறகு. பத்தொன்பது வயதில், மழை நாளில், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்துச் சாக்கோடு வழுக்கி, மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். வலது முழங்கால் எலும்பு கோணலாகப் பொருந்தியது. படி ஏறலாம், சமதரையில் நடக்கலாம். மலை ஏற முடியாது. அன்று தோட்டத்தை நிர்வகித்த துரை அவளை ஸ்டோரில் உட்கார வைத்தார். ஸ்டோரை விட்டால் ஹெலகந்தவில் அவள் செய்யக்கூடிய வேலை வேறு இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். வரிசை வீடுகளான லயத்தில் அண்ணன் பவுலின் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவளுடையது. இரண்டுக்கும் ஒரே வாசல் படி.

வாரத்தில் ஆறு நாள் ஸ்டோர் வாசம். ஏழாம் நாள் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, றக்வான டவுனில் மீராசாஹிப் கடையில் வாங்கிய மல்லிகை வாசக் கிரீமைக் கழுத்திலும் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை நிதானமாகத் தேய்த்து, அதன் பிறகுதான் கோயிலுக்குப் போகும் சேலையைக் கட்டுவாள். இதற்கும் ஒரு காரணம் உண்டு. ஸ்டோருக்குப் போன முதல் வருடத்தில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு டீச்சரம்மா, கோபமாகக்கூட இல்லாமல், சாதாரணமாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு திரேசா முதல் தடவையாகக் கடையில் போய் வாசம் கேட்டாள்.

போன ஐப்பசியில் கையில் அரிப்பு தொடங்கியது. திங்கட்கிழமை சாயங்காலம் முழங்கை மடிப்பில் ஊறும். செவ்வாய்க்கிழமை சிவந்து தடித்து, மணிமணியாக நீர் கோத்து நிற்கும். கழுத்து நெருப்பாக எரியும். வெள்ளி, சனியில் காய்ந்து செதில் உதிரும். ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறையச் சரியாகிவிடும். மறுபடி திங்கள், மறுபடி செவ்வாய்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஞாயிறு லீவு, ஆறுகிறது. திங்கள் வேலை, வருகிறது. அப்படியானால் தேயிலைத் தூசு. லயமே ஒரே பேச்சாகச் சொன்னது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மருந்தும் மாத்திரையும் கொடுத்து, "தூசு ஒத்துக்கல" என்றார்கள். எல்லோரையும்விட உறுதியாகச் சொன்னவர் பவுல். ஸ்டோர் அடுப்புக்கு விறகு அளந்து எடுக்கிறவர் அவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் அளவு தவறியதில்லை என்று பெயர். மாவுச் சாக்குத் துணியைக் கொதிக்க வைத்து, வெளுத்து, தங்கைக்கு மணிக்கட்டில் நாடா வைத்த இரண்டு நீளக் கையுறை அவரே தைத்துக் கொடுத்தார்.

"இனி ஒரு பொட்டுத் தூசு உள்ள போகாது பாரு."

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. அப்படியே கழுத்துக்கும் ஒரு சாக்கு தைச்சுட்டா, தேயிலை மூட்டையோட என்னையும் கட்டிக் கொழும்புக்கு அனுப்பிரலாம்" என்றாள் திரேசா. ஆனாலும் போட்டுக்கொண்டாள்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை டீமேக்கர் ஐயா அவளுடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது அதிகம் வலித்தது.

"திரேசா, நான் என்ன செய்ய? இது மனுசன் வாயில போற சாமான். ஆடிட்டுக்கு வர்றவங்க முதல்ல கையைத்தான் பார்க்கிறாங்க. சித்திரை மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். சரியாகலன்னா உங்களை வெளி வேலைக்கு எழுதணும்."

"வெளி வேலைன்னா மலைங்களா ஐயா?"

அவர் அவளுடைய முழங்காலைப் பார்த்தார்.

அடுத்த வாரம், நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். திரேசா ஒவ்வொரு தவக்காலத்திலும் எதையாவது விட்டுவிடுவாள். இந்த முறை இறைச்சியோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமைக் கிரீமையும் விட்டாள். கை ஆற வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுவிட்டு, தன் ஆசையை விட்டுக்கொடுக்காமல் இருந்தால் எப்படி என்று நினைத்தாள். கிரீம் குழாயை ஒரு பேப்பரில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கை சிவக்கவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. நான்காவது வாரத்தில் முழங்கை மடிப்பு பிள்ளையின் தோல்போல் இருந்தது. அதே அறை, அதே தூசு. மழை பெய்து கொழுந்து கூடியதால் தூசு முன்பைவிட அதிகம். லயத்தில் பாதிப் பேர் செபம் என்றார்கள். பவுல் கையுறை என்றார். சலிக்கும் அறையில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற சரோன் வேறு கதை சொன்னாள்.

"திரேசாக்கா, ஒரே மாசத்துல பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க. யாராவது கேட்டு வந்தா நான்தான் தரகர், சொல்லிட்டேன்."

"உனக்குத் தரகு குடுக்கிற காசுக்கு நான் இப்படியே இருந்துருவேன் போடி."

தவக்காலம் முடிந்து, உயிர்த்த ஞாயிறு அன்று திரேசா பெட்டியைத் திறந்து கிரீமை எடுத்தாள். நாற்பது நாள் விட்டதால் அந்த வாசம் முதன்முதல் வாங்கிய நாளில்போல இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பூசிக்கொண்டாள். கோயிலில் நன்றி சொன்னாள். பவுல் வீட்டில் கோழிக் கறி சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கண் இமை வீங்கித் திறக்க முடியவில்லை. கழுத்தில் நீர்க் கொப்புளம். இரண்டு கைகளும் பவுலின் கையுறைக்குள் பொங்கியிருந்தன. டீமேக்கர் ஐயா வாசலிலேயே நிறுத்தினார். "அனே, திரேசா" என்று சிங்களத்தில் இரங்கினார். பிறகு மெதுவாக, "வீட்டுக்குப் போங்க. மாசக் கடைசியில துரையோட பேசுவேன்" என்றார்.

அன்று முழுவதும் அவள் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பவுல் வேலை முடிந்து வந்தபோது, ஏதோ எண்ணுகிறவள்போல விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"தூசு உடம்புக்குள்ள இறங்கியிருக்கு தங்கச்சி. அதுதான் திரும்ப வந்திருக்கு."

"அண்ணே, ஒண்ணு கேக்கிறேன். தூசுன்னா சனிக்கிழமைதானே மோசமா இருக்கணும்? ஆறு நாள் தூசு சேர்ந்திருக்கும்ல? எனக்கு ஏன் சனிக்கிழமை ஆறிப் போவுது?"

பவுல் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாற்பது நாளும் தூசுலதான் உக்காந்திருந்தேன். இந்தக் கையுறை மாசிக்கு முன்னாடியும் போட்டேன், அப்பவும் வந்துச்சு. நேத்தும் போட்டிருந்தேன், வந்துருச்சு. நாற்பது நாள்ல இல்லாதது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு இறைச்சி." அடுத்த விரலை மடக்கினாள். "மத்தது நான் பூசுறது."

"அதைப் பூசுறது ஞாயித்துக்கிழமை. வர்றது செவ்வாய்க்கிழமை. பூசினா அன்னைக்கே வராதா? அதுவும் இருபது வருசமாப் பூசுற."

"அதுதான் எனக்கும் விளங்கல."

விளங்கவில்லை என்று அவள் விட்டுவிடவில்லை. அதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவள் மனத்துக்கு அது கோழி இறைச்சியாக இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது. இறைச்சியை யாரும் விட்டுவிடலாம். ஆனாலும் விரும்பிய பதிலை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

கை முழுதாக ஆறும்வரை காத்திருந்தாள். சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்தது. ஒரு வியாழக்கிழமை காலையில், ஸ்டோருக்குப் போட்டுப் போகிற தன் கோட்டின் மடிப்புகளைப் பேப்பர்மேல் தட்டினாள். ஒரு தேக்கரண்டி அளவு தேயிலைத் தூசு விழுந்தது. அதைத் தண்ணீரில் குழைத்து இடது முழங்கை மடிப்பில் வைத்தாள். வலது மடிப்பில் மல்லிகைக் கிரீம். இரண்டின்மேலும் ஒரே அளவு துணி, ஒரே மாதிரிக் கட்டு. பவுல்தான் கட்டினார். மத்தியானம் வேண்டுமென்றே கோழிக் கறி சாப்பிட்டாள்; இறைச்சிதான் காரணம் என்றால் இரண்டு கையிலும் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை வலது கையில் லேசாக ஊறியது. சனிக்கிழமை காலை இரண்டு கட்டுகளையும் அவிழ்த்தார்கள். இடது மடிப்பில் தேயிலைக் கறை மட்டும், கழுவியதும் போய்விட்டது. வலது மடிப்பில் துணி வைத்த அளவுக்கு வட்டமாகச் சிவந்து, நீர் கோத்திருந்தது.

பவுல் அந்த இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தான் தைத்த கையுறைகளை எடுத்து விறகடுப்பைத் துடைக்கிற துணிகளோடு போட்டார்.

"ஏன் அண்ணே, நல்லா இருக்கிற துணி."

"அளவு தப்பிருச்சு" என்றார் பவுல்.

திங்கட்கிழமை அவள் ஸ்டோருக்குப் போய் டீமேக்கர் ஐயாவின் மேசைமேல் இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வலது கை வேலை செய்ற கை. வேர்க்கும். சொறிஞ்சிருப்பீங்க. ஒரு தடவை பார்த்து எப்படிச் சொல்றது?"

"அப்படிக் கேப்பீங்கன்னு தெரியும் ஐயா. அதனால இதையும் கொண்டாந்தேன்." பையிலிருந்து கிரீம் குழாயையும் வெட்டிய துணிகளையும் பிளாஸ்டரையும் எடுத்து வைத்தாள். "தூசை நீங்களே எடுங்க. எந்தக் கையில எதுன்னு நீங்களே சொல்லுங்க. கட்டினதுக்கு மேல கையெழுத்தும் போட்டுருங்க. நான் அவிழ்த்தா தெரிஞ்சுரும்."

நாள் முழுவதும் ஒரே கொழுந்தை வாட்டியும் உருட்டியும், இப்படிச் செய்தால் என்ன, அப்படிச் செய்தால் என்ன என்று பரிசோதித்துப் பார்க்கிற மனிதர் அவர். முகம் மாறியது.

"ஹரி" என்று சிங்களத்தில் ஒப்புக்கொண்டார். எழுந்து போய்ச் சல்லடையின் கீழிருந்து தூசு எடுத்து வந்தார். "கிரீம் இடது பக்கம். மேல் கையில, புது இடத்துல. சரோன், இங்க வா, நீயும் பார்."

கிரீமைச் சலிக்கும் அறைக்குப் பக்கத்தில் திறக்கக் கூடாது என்பதால் மூவரும் விறகு அடுக்கியிருக்கும் கொட்டிலுக்குப் போனார்கள். அங்கே வைத்துக் கட்டி, பிளாஸ்டரின்மேல் டீமேக்கர் ஐயா நீல மையில் கையெழுத்துப் போட்டார்.

"காசோலை மாதிரி இருக்கு திரேசாக்கா. பேங்க்ல குடுத்தா எடுப்பாங்களா?" என்றாள் சரோன். யாரும் சிரிக்கவில்லை. அவளே கொஞ்சம் பயந்துபோய்த்தான் சொன்னாள்.

புதன்கிழமை அதே கொட்டிலில் டீமேக்கர் ஐயா தன் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டுப் பிளாஸ்டரைப் பிரித்தார். வலது கையில் ஒன்றுமில்லை. இடது கையில் வட்டமாகச் சிவப்பு.

"ஸ்டோர் குத்தமில்ல" என்றார். "ஆனா என் பேச்சு துரைக்குப் பத்தாது. தோல் டொக்டர்கிட்ட ஒரு கடுதாசி எடுத்து வாங்க. அதுவரைக்கும் உங்க இடத்துல வேற ஆள் போட மாட்டேன்."

இரத்தினபுரித் தோல் கிளினிக்குக்கு விடியற்காலை பஸ்ஸில் திரேசாவும் பவுலும் போனார்கள். அங்கிருந்த டொக்டரம்மா சின்ன வயது. திரேசா எல்லாவற்றையும் சிங்களத்தில் முறையாகச் சொன்னாள். எந்த நாளில் பூசினாள், எந்த நாளில் வந்தது, எந்தக் கையில் எது. டொக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இதை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்லைங்க டொக்டர்."

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"ஏழாம் வகுப்பு."

டொக்டரம்மா கிரீம் குழாயைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்துகளில் ஒரு சொல்லைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். பர்ஃபியூம். அந்த ஒரு சொல்லுக்குள் பல வாசனைப் பொருள்கள் இருக்கலாம், அவற்றின் பெயர்களை எல்லாம் எழுத மாட்டார்கள் என்றார். திரேசா செய்ததையே தாங்களும் செய்வதாகச் சொல்லி, முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டினார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகும் ஒருமுறை வரச் சொல்லிப் பார்த்தார். வாசனைப் பொருள்கள் வைத்த இடங்கள் மட்டும் சிவந்திருந்தன.

"இருபது வருசம் ஒண்ணும் செய்யலைங்களே?"

"உடம்பு பல வருசம் பொறுக்கும். ஒருநாள் இது எனக்கு ஆகாதுன்னு எழுதி வச்சுக்கும். அதுக்குப் பிறகு மறக்காது. பூசின அன்னைக்கே வராது. ஒரு நாள், ரெண்டு நாள் எடுத்துத்தான் வரும். அதனால எல்லாரும் வேற எதையாவது குத்தம் சொல்வாங்க."

"மருந்து குடிச்சா மாறுமா?"

"வந்த புண் ஆறும். இந்த ஒவ்வாமை மாறாது. வாசம் உள்ள எதையும் இனிப் பூசக் கூடாது. சவுக்காரம், பவுடர், எண்ணெய், எதுவா இருந்தாலும். மூலிகைன்னு எழுதியிருந்தாலும் நம்பாதீங்க. பூவுல இருந்து எடுத்த வாசமும் இதையேதான் செய்யும்."

"கொஞ்சமாப் பூசினா?"

டொக்டரம்மா தலையை ஆட்டினார். இல்லை.

கடிதத்தை வாங்கிக்கொண்டு றக்வானவில் இறங்கியபோது திரேசா மீராசாஹிப் கடைக்குப் போனாள். அவருடைய மகள் பஸ்னாதான் கிரீம், பவுடர் அலுமாரியைப் பார்க்கிறவள்.

"வாங்க திரேசாக்கா, மல்லிகை வந்திருக்கு."

"மல்லிகை வேண்டாம் தங்கச்சி. ஒரு வாசமும் இல்லாதது ஏதாவது இருக்கா?"

பஸ்னாவுக்கு அது புதுக் கேள்வி. ஒவ்வொரு குழாயாக எடுத்து, இரண்டு பேரும் வாசல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். டொக்டரம்மா தொட்டுக் காட்டிய சொல்லைத் திரேசா ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். குழாயும் டப்பாவுமாகப் பதினாறில் பதினைந்தில் அது இருந்தது. கடைசியில் எஞ்சியது வெறும் வெள்ளை வசலின் டப்பா ஒன்று. திரேசா அதை வாங்கினாள். பாதி தீர்ந்த மல்லிகைக் குழாயைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. "இதை நீயே எங்கயாவது போட்டுரு" என்று பஸ்னாவின் கையில் கொடுத்தாள்.

துரை கடிதத்தைப் படித்தார். மே மாத முதல் திங்கட்கிழமை திரேசா சலிக்கும் அறையின் வாசலில் நின்று கைகளை முழங்கை வரை கழுவி, உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை. சரோன் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த செவ்வாயும் பார்த்தாள். மூன்றாவது செவ்வாய்க்குப் பார்க்க மறந்துவிட்டாள். கழுத்தில் மட்டும் கறுத்த தழும்பு இருக்கிறது. அது போக ஒரு வருடமாவது ஆகும் என்றார் டொக்டரம்மா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாசமில்லாமல் கோயிலுக்குப் போகிறாள். எத்தனை தடவை தலைமுழுகினாலும் முடியில் ஸ்டோர் வாசம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். முதல் ஞாயிறு பஸ் வந்ததும் பின்னால் காலியாக இருந்த இருக்கைக்கு நேராகப் போனாள். பாதியில் நின்றாள். திரும்பி வந்து, முன்பக்கத்தில் நல்ல சேலை கட்டிய ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சிறிது தூரம் போனதும் அந்தப் பெண் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். வெக்கைக்காகவா, வேறு எதற்காகவா தெரியவில்லை. கடைசித் திருப்பம் வரை திரேசா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. இடம் மாறவும் இல்லை. காற்று அவளுடைய முடியைக் கலைத்தது. மடியில் மல்லாந்து கிடந்த இரண்டு கைகளும் சுத்தமாக இருந்தன. மறுநாள் ஆறரைக்கு அவை வேலைக்குப் போக வேண்டும்.